பதினான்காம் கேள்வி

பிப்ரவரி 9

வாலுக்கு அண்ணன் எழுதுவது.

நீ ஆராய்ச்சிக்குக் கேட்ட நூற்றுப் பதினெட்டு ஃபாரமும் இந்தப் பார்சலில் இருக்கிறது. ஒன்றுகூடக் குறையாது, எண்ணிப் பார்த்துக்கொள். முப்பத்தேழு வயதில் எக்ஸ்போர்ட் கம்பெனி வேலையை உதறிவிட்டு, சர்வதேச வணிகத்தில் டாக்டர் பட்டம் வாங்கப் போகிறேன் என்று நீ விமானம் ஏறியபோது, "இதெல்லாம் தேறாது" என்று சொன்னவன் நான்தான். அந்த வாயால் சொல்கிறேன், உன் வேலையை ஒரே நாளில் முடித்துக் கொடுத்துவிட்டேன்.

நீ ஒரு மாதம் ஆகும் என்று எழுதியிருந்தாய். ஒரு மாதமா? நம்மிடம் அந்தக் கதையெல்லாம் நடக்காது. வெள்ளிக்கிழமை தொழிற்சாலையில் சாப்பாட்டு மணி அடித்ததும் இரண்டு ஷிப்ட் ஆட்களையும் கேன்டீனில் உட்கார வைத்தேன். ஆளுக்கொரு பேனா. "யாரும் பேசக் கூடாது, அவங்கவங்க மனசுல பட்டதை டிக் போடுங்க"ன்னு சொல்லிவிட்டு வரிசை வரிசையாக நடந்தேன். பம்ப் அசெம்பிளிக்காரர்கள் முதலில் முடித்தார்கள். பெயிண்ட் செக்‌ஷன் எப்போதும் போல லேட். ஒவ்வொரு ஃபாரத்தையும் என் கையால் வாங்கி, காலி இடம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அடுக்கினேன். ஒருவன் உன் பதினான்காவது கேள்விக்கு மூன்றில் டிக் போட்டிருந்தான். "என்னப்பா, கேள்வி புரியலையா?"ன்னு கேட்டேன். "புரிஞ்சிடுச்சு சார்"னு சொல்லி ஐந்தில் மாற்றிப் போட்டான். இப்படி ஏழெட்டுப் பேருக்கு நானே விளக்க வேண்டியதாயிற்று. பாவம், படிப்பு கம்மி.

போனிலேயே இதைச் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் யாரையும் பேச விடுவதில்லையாம், உன் அண்ணி சொல்கிறாள். சரி, எழுத்திலேயே இருக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்


மார்ச் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

பார்சல் வந்து சேர்ந்தது. நீங்கள் நடத்திய கேன்டீன் பரீட்சையைப் படித்துவிட்டு என் அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பக்கத்து அறைப் பெண் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். இங்கே யாரும் தனியாகச் சிரிப்பதில்லை போல.

இந்தப் பருவத்தில் எங்களுக்கு ஒரே பாடம், ஆராய்ச்சி முறைகளும் அறிவியல் தத்துவமும். வியாபாரம் படிக்க வந்தவளுக்குத் தத்துவம் எதற்கு என்று முதல் நாளே கேட்டுவிட்டேன். பேராசிரியை அறுபது வயதுக்காரர், சாக்பீஸ் தூளைக் கையில் பூசிக்கொண்டே பேசுவார். "உனக்கு ஒன்று தெரியும் என்கிறாய். எப்படித் தெரியும்? அது பொய்யாக இருந்தால் உனக்கு எப்படித் தெரியவரும்?" இந்த இரண்டு கேள்விதான் மூன்று மாதமாக. நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'எப்படித்தெரியும் அம்மா'.

நான் எடுத்திருக்கும் விஷயம் உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று உள்ளூர்த் தொழிற்சாலையை வாங்கினால், கீழே வேலை செய்பவர்கள் குறைகளை மேலே சொல்கிறார்களா? உங்கள் தொழிற்சாலையை வாங்கிய கம்பெனிக்கு ஏழு நாட்டில் ஆலைகள் இருக்கின்றன. மற்ற ஆறிலும் விடை கலந்துகட்டி வந்தது. உங்களுடையதில் மட்டும், பதினான்காம் கேள்விக்கு, அதுதான், 'ஒரு கோளாறு கண்ணில் பட்டால் மேற்பார்வையாளரிடம் பயமில்லாமல் சொல்வீர்களா?' என்ற கேள்விக்கு, நூற்றுப் பதினெட்டுப் பேரும் ஐந்தில் டிக், 'கட்டாயம் சொல்வேன்'. நூற்றுக்கு நூறு!

வகுப்பில் இதைப் படித்ததும் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பேராசிரியை மட்டும் சாக்பீஸை உருட்டிக்கொண்டே, "நூற்றுப் பதினெட்டு மனிதர்கள் எதிலும் இப்படி ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. சாப்பாட்டு மணி அடித்தால்கூடப் பத்துப் பேராவது உட்கார்ந்தே இருப்பார்கள்" என்றார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அனுமதி வாங்கும்போது ஒத்துக்கொண்டபடி சுருக்கத்தைக் கம்பெனித் தலைமை அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டேன். அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. உங்கள் பெயரைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கை


மார்ச் 20

அடியே வாலு!

உட்கார்ந்துகொண்டு படி. என்னை உற்பத்தி மேலாளர் ஆக்கப் போகிறார்கள். கண்ணாடி அறை, தனி போன், எல்லாம். இருபத்திரண்டு வருஷம் எண்ணெய்க் கையோடு நின்றவனைத் தலைமை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு, "உங்களிடம் பயமே இல்லாத ஒரு தொழிற்சாலை இருக்கிறது, அதை மற்ற ஆலைகளுக்கும் கற்றுத்தர வேண்டும்" என்றான் ஒருவன். மொழிபெயர்த்துச் சொன்ன பெண் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. எனக்குக் காதே அடைத்துப்போயிற்று.

இது உன்னால் வந்தது. நான் அப்படிச் சுலபத்தில் சொல்பவன் இல்லை என்று உனக்குத் தெரியும்.

உங்கள் எப்படித்தெரியும் அம்மாவிடம் சொல், ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். நீ நூற்றுப் பதினெட்டுச் சோற்றையும் நசுக்கிப் பார்த்துவிட்டாய், இன்னும் அவருக்கு என்ன சந்தேகம்? என் ஆட்கள் என் கண்ணைப் பார்த்துப் பேசுவார்கள். நான் கத்துவேன், ஒத்துக்கொள்கிறேன். கத்துவது வாயில்தான், மனசில் இல்லை. அது அவர்களுக்குத் தெரியும்.

ஜூலை முதல் தேதி பொறுப்பேற்க வேண்டும். உன் அண்ணி புதுச் சட்டைத்துணி எடுத்துவிட்டாள். இடது கைப்பக்கம் தளர்வாகத் தைக்கச் சொல்லியிருக்கிறாள், அந்த மடங்காத முழங்கைக்காக.

அண்ணன்


ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறுபடியும் கிழித்துவிடுவேன்.

போன வாரம் பேராசிரியை கணினியில் ஏற்றிய எண்களை மூடச் சொன்னார். "காகிதங்களைக் கொண்டு வா. எண்ணைப் பார்க்காதே, காகிதத்தைப் பார்" என்றார். நூலகத்தின் நீள மேசையில் நூற்றுப் பதினெட்டையும் பரப்பினேன். அவர் சொன்னபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்பது படிவங்களில் பதினான்காம் கேள்விக்கு முதலில் வேறு எதிலோ டிக் விழுந்து, அதை அடித்துவிட்டு ஐந்தில் போட்டிருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நீங்கள்தான் எழுதியிருந்தீர்களே, கேள்வி புரியவில்லை என்று.

பிறகு ஒரு படிவத்தைத் திருப்பினேன். பின்பக்கம், கீழ் மூலையில், எறும்பு அளவு எழுத்தில், பென்சிலால்:

'சார் பின்னாடி நிக்கிறார்.'

அண்ணா, அதை விளக்குக்கு அருகில் கொண்டுபோய் மறுபடி படித்தேன். மூன்றே சொல். அதை எழுத அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நீங்கள் அடுத்த வரிசைக்குத் திரும்பிய நேரம், அவ்வளவுதான். கொடுத்தது பேனா, எழுதியது பென்சில். பையில் பென்சில் வைத்திருந்த யாரோ.

உங்கள் முதல் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். அன்று சிரித்த அதே வரிகள். மேற்பார்வையாளருக்குப் பயப்படுகிறீர்களா என்று கேட்கும் தாளை மேற்பார்வையாளரே கொடுத்து, மேற்பார்வையாளரே பக்கத்தில் நின்று, மேற்பார்வையாளரே வாங்கிச் சரிபார்த்திருக்கிறார்! இதைப் படித்துவிட்டுச் சிரித்தேன் நான். ஆராய்ச்சி முறைகள் படிக்கிறவள்! தனியாக நிரப்பி உறையில் ஒட்டித் தர வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். சொல்லத் தோன்றியது. அண்ணன் கோபித்துக்கொள்வாரே என்று விட்டுவிட்டேன்.

பானைச் சோறு சொன்னீர்கள். அது சரியான பழமொழிதான். ஆனால் சோறு நம் முகத்தைப் பார்த்து வெந்த மாதிரி நடிக்காது. வகுப்பில் சொல்லித் தருகிறார்கள், ஆயிரம் கறுப்புக் காக்கையைப் பார்த்தாலும் எல்லாக் காக்கையும் கறுப்பு என்று நிரூபணம் ஆகிவிடாது, ஒரே ஒரு வெள்ளைக் காக்கை வந்தால் போதும், அந்தப் பேச்சு முடிந்தது. எனக்கு ஒன்று வந்துவிட்டது.

வகுப்பில் கொடுத்த கட்டுரையைத் திரும்பப் பெறப் போகிறேன். தலைமை அலுவலகத்துக்கும் எழுத வேண்டும். உங்கள் பதவி இதில் இருக்கிறது என்று தெரியும். தெரிந்தும்தான் எழுதுகிறேன்.

என்னைத் திட்டுங்கள். ஆனால் பதில் போடுங்கள்.

தங்கை


ஏப்ரல் 15

தங்கச்சிக்கு,

கூடப் பிறந்தவளே குழி பறிப்பாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கேன்டீனில் நின்றபடியே. கையில் இருந்த டம்ளர் கீழே விழுந்தது. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். இத்தனை பேரில் எவன் என்றுதான் எனக்கு அப்போது தோன்றியது.

நூற்றுப் பதினேழு பேர் ஒன்று சொல்கிறார்கள். ஒருவன் பென்சிலால் கிறுக்கியிருக்கிறான். நீ கிறுக்கனை நம்புகிறாய். இதுதான் தத்துவமா? இதைப் படிக்கவா கடல் தாண்டிப் போனாய்? சொந்தக்காரர் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. உன் அண்ணி பிறந்த வீட்டிலும் சொல்லியாயிற்று. இப்போது நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வெளியில் போவது? ஊரெல்லாம் சிரிக்காதா?

நான் என் ஆட்களுக்கு என்ன குறை வைத்தேன்? ஒருத்தன் மனைவிக்குப் பிரசவம் என்றால் என் வண்டியில் கொண்டுபோய் விட்டவன் நான். இரண்டு பேருக்கு வேலை போகாமல் சண்டை போட்டவன் நான். அவர்கள் எனக்குப் பயப்படுகிறார்களா? என்னைப் பார்த்தா?

ஒன்று செய். அந்தப் பேப்பரை எனக்கு அனுப்பு. எழுத்தைப் பார்த்தாலே யார் என்று சொல்லிவிடுவேன். அவனை ஒன்றும் செய்ய மாட்டேன். கேட்க மட்டும் செய்வேன்.

அதுவரை யாருக்கும் எதையும் எழுதாதே.

அண்ணன்


ஏப்ரல் 26

அண்ணனுக்கு,

அனுப்ப மாட்டேன்.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு வெளியே போய் இரண்டு தெரு நடந்துவிட்டு வந்தேன். உங்களிடம் நான் 'மாட்டேன்' என்று சொல்வது இதுதான் முதல் தடவை. நினைத்துப் பார்த்தேன், வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை.

அந்தக் காகிதம் பேராசிரியையின் அலமாரியில் பூட்டியிருக்கிறது. சாவி அவரிடம். உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளைப் படித்தபோது, எழுதியவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஏன் பென்சிலும் பின்பக்கமும் தேவைப்பட்டது என்று எனக்குப் புரிந்தது. "கேட்க மட்டும் செய்வேன்" என்கிறீர்கள் அண்ணா!

தலைமை அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். விவரம் எடுத்த விதம் தவறு, தவறு என்னுடையது, முடிவை நம்ப வேண்டாம் என்று. அவர்கள் ஜூன் கடைசி வரை பொறுப்பதாக எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அதுவரைதான் அவகாசம். அதற்குள் சரியான விவரம் இல்லாவிட்டால் இந்த வருடம் போயிற்று, உதவித்தொகையும் போயிற்று.

நீங்கள் சொல்வது சரி என்று உங்களுக்கு அவ்வளவு நிச்சயம் இருந்தால், ஒரு வழி இருக்கிறது. நான் தவறு என்று காட்டுங்கள். ஆனால் நீங்கள் தவறாக இருந்தால் அதுவும் வெளியே தெரியும்படி அதைச் செய்ய வேண்டும். புதுப் படிவங்கள் நூற்று இருபது அனுப்புகிறேன், இரண்டு கூடுதல். வீட்டில் நிரப்பட்டும். உறையில் ஒட்டட்டும். நீங்கள் பக்கத்தில் இருக்கக் கூடாது. நீங்கள் தொடக்கூட வேண்டாம்.

முடியாது என்றால் அதையும் எழுதுங்கள்.

தங்கை


ஜூன் 1

தங்கச்சிக்கு,

ஒரு மாதம் பதில் போடவில்லை. வேண்டுமென்றேதான் போடவில்லை.

இப்போது கேள். தகரத்தில் ஒரு பெட்டி செய்தேன், என் கையாலேயே. மேலே ஒரு வாய், உறை மட்டும் போகும், விரல் நுழையாது. விளிம்பைத் தேய்த்து மழுக்கிவிட்டேன், யார் கையையும் கிழிக்காது. பூட்டுப் போட்டுச் சாவியை அன்றைக்கே உனக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன், கிடைத்திருக்கும். மாற்றுச் சாவி கிடையாது. கேன்டீன் அக்காவைக் கூப்பிட்டு ஃபாரத்தையும் உறையையும் அவரிடம் கொடுத்தேன். "யார் போடுறா, யார் போடலைன்னு எனக்குச் சொல்லக் கூடாது. நான் கேட்டாலும் சொல்லக் கூடாது"ன்னு சொன்னேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க கேப்பீங்களே சார்"னு சொன்னார். அதனால் ஒரு வாரம் லீவு போட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் லீவு. வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று தெரியாமல் குழாயை எல்லாம் கழற்றி மாட்டினேன். உன் அண்ணி, வேலைக்கே போய்விடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

பெட்டி பூட்டியபடியே வருகிறது. ஆட்டிப் பார்த்தேன், நிறைய இருக்கிறது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நீயே திற, நீயே எண்ணு. வெள்ளைக் காக்கை எத்தனை என்று இப்போது பார்த்துவிடலாம். நான் ஜெயித்தால் உங்கள் பேராசிரியை எனக்கு ஒரு வரி எழுதித் தர வேண்டும்.

அண்ணன்


ஜூன் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

பெட்டியைப் பேராசிரியையின் அறையில், அவர் முன்னால் திறந்தேன். அந்த மழுக்கிய விளிம்பைத் தடவிப் பார்த்து, "இதைச் செய்தவருக்கு அளவீடு என்றால் என்னவென்று தெரியும்" என்றார் அவர். நீங்கள் கேட்ட ஒரு வரி இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் நீங்கள் ஜெயிக்கவில்லை.

நூற்றுப் பதினெட்டில் நூற்று ஒன்பது வந்தது. 'கட்டாயம் சொல்வேன்' பதினொன்று. 'சில சமயம்' பதினேழு. மீதி எண்பத்தொன்றும் 'அநேகமாக மாட்டேன்', 'ஒருபோதும் மாட்டேன்'. மூன்று தடவை எண்ணினோம். மூன்றாம் தடவை அவரே எண்ணினார்.

கடைசியில் 'வேறு ஏதாவது சொல்ல விரும்பினால்' என்று ஒரு காலி இடம் விட்டிருந்தேன். உங்களைக் கெட்டவர் என்று ஒருவரும் எழுதவில்லை. பலர் நல்லவர் என்றே எழுதியிருக்கிறார்கள். ஆனால் நான்கு பேர் ஒரே விஷயத்தை எழுதியிருக்கிறார்கள். பம்ப் சோதிக்கும் மேசையில் மூன்றாவது அழுத்தமானி எட்டு மாதமாகத் தப்பாகக் காட்டுகிறதாம். சொன்னால் சார் கத்துவார் என்று யாரும் சொல்லவில்லையாம். அதை மட்டும் உடனே பாருங்கள்.

தலைமை அலுவலகத்துக்கு இதை அனுப்பிவிட்டேன். விவரம் நேரத்துக்கு வந்ததால் என் வருடமும் போகவில்லை. உங்களுக்கும் ஒரே நாளில்தான் அனுப்புகிறேன், மறைக்கவில்லை.

இங்கேயே கடிதத்தை முடித்திருப்பேன். ஆனால் பேராசிரியை ஒரு கேள்வி கேட்டார். "இந்தப் படிவத்தில் மற்ற இருபத்து மூன்று கேள்வியும் பழைய ஆய்வுகளிலிருந்து எடுத்தவை. பதினான்கு மட்டும் நீயே எழுதியது. அது எங்கிருந்து வந்தது?" பழைய வேலை அனுபவத்திலிருந்து என்றேன். அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "ஆராய்கிறவள் எங்கே நிற்கிறாள் என்பதும் விவரம்தான். அதையும் எழுத வேண்டும்" என்றார்.

அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும் அண்ணா. இருபத்தாறு வருடமாகத் தெரியும்.

எனக்குப் பதினொரு வயது. உங்களுக்குப் பத்தொன்பது. நீங்கள் தூங்கும்போது உங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதினேன். பிரேக் கம்பி அறுந்து கையோடு வந்துவிட்டது. அதை மறுபடி உள்ளே செருகி, பார்த்தால் தெரியாதபடி துணியால் துடைத்து, இருந்த இடத்திலேயே நிறுத்தினேன். காலையில் சொல்லலாம் என்று எழுந்து வந்தேன். நீங்கள் சட்டை பட்டன் அறுந்ததற்கு யாரிடமோ கத்திக்கொண்டிருந்தீர்கள். நான் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன். நீங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகும் சத்தம் எனக்குக் கேட்டது. பாலத்துச் சரிவு வழியாகத்தான் போவீர்கள் என்றும் தெரியும். போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டேன்.

அந்த முழங்கை என்னால் மடங்காமல் போனது.

அது மட்டும் இல்லை. அதற்கு இரண்டு நாள் முன்புதான் தெருமுனைச் சைக்கிள் கடைக்காரர் உங்கள் பிரேக்கை மாற்றியிருந்தார். நீங்கள் கட்டுப்போட்ட கையோடு போய், தெருவே பார்க்க, வலது கையால் அவரை அறைந்தீர்கள். நான் பள்ளிக்கூடப் பையோடு உங்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குப் பிறகு அவர் கடைக்கு யாரும் போகவில்லை, மூடிவிட்டுப் போனார்.

உங்கள் ஆட்கள் எண்பத்தொரு பேருக்கும் முன்னால் நான்தான் முதல் ஆள். எண்பத்திரண்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

என்னை மன்னிக்க வேண்டாம். படித்துவிட்டேன் என்று மட்டும் எழுதுங்கள்.

தங்கை


ஜூலை 14

வாலுக்கு,

படித்துவிட்டேன்.

முதலில் அழுத்தமானி. உன் கடிதத்தின் பாதியில் எழுந்து போனேன். ஸ்டோரிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து மூன்றாவதன் பக்கத்தில் மாட்டினேன். புதியது நான்கு காட்டியது, பழையது ஆறு காட்டியது. அடப்பாவி! எட்டு மாதமாக நான்கை ஆறு என்று நம்பிப் பம்ப் அனுப்பியிருக்கிறோம், அதற்குக் கீழே கையெழுத்து என்னுடையது. சுற்றி ஆறு பேர் நின்றார்கள். ஒருவன் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. எனக்கு மட்டும்தான் அது புதுச் செய்தி. தலையில் இடி விழுந்தது என்பார்களே, அது இதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கத்தப் போகிறேன் என்று அவர்கள் காத்திருந்தது எனக்குத் தெரிந்தது. கத்தாமல் பழையதைக் கழற்றினேன்.

எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசலாம் என்று நினைத்தேன். பிறகு, கூட்டினால் மறுபடியும் நான்தானே பேசுவேன் என்று விட்டுவிட்டேன். தகரப்பெட்டியைப் போல இன்னொன்று செய்து கேன்டீன் வாசலில் மாட்டியிருக்கிறேன். சாவி கேன்டீன் அக்காவிடம். அனுப்பிய பம்ப்களைத் திருப்பி வாங்கிச் சோதிக்கிறோம். கண்ணாடி அறை வேறு ஒருத்தருக்குப் போய்விட்டது. சட்டை தைத்தாயிற்று, அதைப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போகிறேன்.

இனி உன் விஷயம். உன்னைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். இருபத்தாறு வருஷமாக அந்தச் சைக்கிளைத் திட்டியிருக்கிறேன், பாலத்தைத் திட்டியிருக்கிறேன், முன்னால் போன லாரியைத் திட்டியிருக்கிறேன். நம் வீட்டில் ஒரு பதினொரு வயசுக் குழந்தை என்னிடம் பேசுவதைவிட நான் செத்தாலும் பரவாயில்லை என்று போர்வைக்குள் படுத்திருந்தது எனக்குத் தெரியாது. நீ அப்படி நினைத்திருக்க மாட்டாய், தெரியும். ஆனாலும் கணக்கு அப்படித்தான் வருகிறது. அந்த வரியைப் படித்த பிறகு உன்னைத் திட்ட எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

கடைக்காரரைத் தேடினேன். பத்து நாள் ஆயிற்று. பஸ் நிலையத்துக்குப் பின்னால் சாவி போடுகிறார், தலை முழுக்க நரைத்துவிட்டது. நான் யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. கையைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். "பிரேக் விஷயத்துல உங்க மேல தப்பில்லை, இப்பதான் தெரிஞ்சுது"ன்னு சொன்னேன். அவர் அரத்தைக் கீழே வைத்தார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி. கம்பி அறுந்திருந்த விதத்தைப் பார்த்தாலே தெரியும், எங்கயோ மோதியிருக்குன்னு. சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள உங்க கை வந்துடுச்சு."

அதைப் பற்றி அவ்வளவுதான் சொன்னார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பேசவில்லை. அவர்தான் பேசினார், அவர் பையனைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றி. உன்னையும் கேட்டார். "அந்தப் பொண்ணு நல்லா இருக்கா? பாவம், அன்னைக்கு அழுதுட்டே நின்னுச்சு"ன்னார். நீ அழுதது அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு முதுகுப்பக்கம் கண் இல்லை.

உன் வருஷம் போகவில்லை என்று எழுதியிருந்தாயே, அதுவே போதும். இந்த ஆராய்ச்சியில் என்னைப் பற்றி எழுத வேண்டியிருந்தால் எழுது. பெயரைப் போடாதே, மற்றதைப் போடு.

கடைசியாக ஒன்று. நீ அனுப்பியதில் இரண்டு ஃபாரம் கூடுதலாக இருந்ததல்லவா. ஒன்றை நான் நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன். மற்றதை உன் அண்ணியிடம் கொடுத்துவிட்டு, வெளியே போய் நடந்துவிட்டு வந்தேன். 'மேற்பார்வையாளர்' என்று இருந்த இடத்தில் 'கணவர்' என்று நான்தான் மாற்றி எழுதிக் கொடுத்தேன். விளையாட்டுக்குத்தான். கிழித்துப் போட்டுவிட்டுச் சிரிப்பாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது உறையை நன்றாக ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்தும் போட்டு மேசையில் வைத்திருந்தாள். சிரிக்கவில்லை.

இந்தக் கடிதத்தோடு அதையும் வைத்திருக்கிறேன். நான் பிரிக்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

அவளிடம் அனுமதி வாங்கிவிட்டேன். நீ பிரித்துப் பார். பதினான்காம் கேள்விக்கு என்ன போட்டிருக்கிறாள் என்று எனக்கு எழுது. எதுவாக இருந்தாலும் எழுது.

அண்ணன்